முன்சக்கரத்துச் சத்தம்

தபால்காரரைச் சுமந்துகொண்டு வண்டி சந்தைத் தெரு முனையில் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் முதன்முதலாக வந்தது.

நிதானம் பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தார். முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சு கிளம்பி, இழுத்து, உயர்ந்து, வண்டி நின்ற பிறகுதான் அடங்கியது. பின்னால் நடந்து வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாக நடந்து வந்த தபால்காரரின் மனைவி, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தெருவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்த நிதானத்துக்கு, பின்னால் பெட்டியில் இருப்பவரோடு அப்படியே இடம் மாறிக்கொள்ளலாமா என்று இருந்தது.

நிதானம் என்பது ஊர் வைத்த பெயர். இறந்தவர்களை இடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியை ஓட்டுவது அவர் தொழில். நடக்கிறவர்களின் வேகத்துக்கு மேல் அந்த வண்டி போய் யாரும் பார்த்ததில்லை. வண்டியும் அவசரப்படுகிற ரகம் இல்லை. உருண்டை மட்கார்டுகளும் நீண்ட மூக்குமாக, துடைத்துத் துடைத்தே பளபளப்பேறிய கருப்பு வண்டி. அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டாக்டர் குடும்பம் அதை வைத்திருந்தது. அவர்களிடமிருந்து வாங்கி, பின் இருக்கைகளை எடுத்துவிட்டு, தச்சரை வைத்து நீளப் பலகை போட்டு, மனைவி தைத்துக் கொடுத்த திரைகளை ஜன்னல்களில் மாட்டி அவர் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தார். டாக்டர் வீட்டு வண்டி கடைசியில் இங்கே வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை. சாவு வீட்டில் டிரைவர் என்று ஒருவன் இருப்பதே தெரியக்கூடாது. ஹாரன் வயரைக் கழற்றி வைத்திருந்தார். கதவு ஓரங்களில் ரப்பர் ஒட்டியிருந்தார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்து உள்ளேயே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவரின் வண்டி நடுத்தெருவில் வீறிட்டு, புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பயமுறுத்தி அழவைத்துவிட்டது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னார். பழைய வண்டி என்றால் நாலு சத்தம் வரத்தான் செய்யும், இவர் முட்டி மடக்கும்போது வராத சத்தமா என்று அவள் சமாதானம் சொன்னாள். பிறகு, தன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டலாமே என்றாள். விவகாரம் பெரிதாக ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

மச்சினனுக்கு பேட்டரிக் கடையில் வேலை. பேட்டரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அவனுக்குத் தெளிவான கருத்துகள் இருந்தன. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை உருவி எடுத்தான். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு இரும்புச் சட்டி. அதற்குள்ளே பிறை மாதிரி இரண்டு ஷூக்கள். பிரேக்கை மிதித்தால் ஷூக்கள் இரண்டும் விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். மச்சினன் உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்றான்.

"கதவு கீல் கத்தினா என்ன பண்றோம்? எண்ணெய் விடறோம். அதேதான் மாமா."

பிரேக்குக்குள் எண்ணெயா என்று நிதானம் தயங்கினார். எண்ணெய் இல்லை, கொஞ்சூண்டு கிரீஸ், அதுவும் ஓரமாக என்று சொல்லிக்கொண்டே மச்சினன் விரலில் எடுத்துத் தடவினான். அவன் விரல் கொஞ்சம் தாராளமான விரல்; கத்தாத முன்சக்கரத்துக்கும் சேர்த்தே தடவியது.

சத்தம் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. கூடவே பிரேக்கும் போய்விட்டது என்பது, தையல் கடைக்காரரின் மாமியாரை இடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று, சரிவில் இறங்கும்போதுதான் தெரிந்தது.

நிதானம் மிதித்தார். வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தார். முன்சக்கரங்கள் வெண்ணெயில் வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போயின. பின்னால் வந்தவர்கள் முதலில் வேகமாக நடந்தார்கள். பிறகு இன்னும் வேகமாக நடந்தார்கள். இறுதி ஊர்வலத்தில் ஓடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாததால், முன்னால் போன தையல்காரர் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் தலையைக் குனிந்தபடி, முகத்தில் துக்கம் மாறாமல், ஓடினார்கள். நிதானம் ஹேண்ட் பிரேக்கை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்து, இடுகாட்டு வாசலைத் தாண்டி, குழிவெட்டுகிறவரின் மண்குவியலில் மூக்கை முட்டி வண்டியை நிறுத்தினார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை மாமியாருக்காக ஓடி ஓடி உழைத்தவர் என்று தையல்காரருக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தபோது நிதானம் அவனோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்கும் சாதாரணமாக இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால் மச்சினனும் அதைக் கவனிக்கவில்லை. கிரீஸ் அதிகமாகிவிட்டது, துடைத்துவிட்டால் சரி என்று சொல்லி, ஷூக்களைக் கழற்றி பெட்ரோலில் கழுவினான். அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் வழவழவென்று இருக்கிறது என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். போன தடவை பிடிக்கவில்லையே என்று, இந்தத் தடவை அட்ஜஸ்டரை நன்றாக முறுக்கி, ஷூக்களை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"இனிமே தொட்டா நிக்கும்," என்றான்.

நின்றது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு ஒரு சக்கரம்தான் கத்தியது. இப்போது இரண்டும் கத்தின. வலது சக்கரம் உச்சஸ்தாயியில் ஆரம்பிக்கும். அது கீழே இறங்கும் நேரத்தில் இடது சக்கரம் அடித்தொண்டையில் ஒரு கேவலை எழுப்பும். இரண்டும் சேர்ந்து இழுத்து, விட்டு விட்டு விக்கி, வண்டி நின்ற பிறகும் டிரம்முக்குள் ஏதோ கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும்.

வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தபோது இவ்வளவு இல்லை. சூடேறிய பிறகுதான் அதன் முழு குணமும் வெளியே வந்தது. அது வெளியே வந்தது நூலகரின் ஊர்வலத்தில்.

ஆயுள் முழுக்க "சத்தம் போடாதீங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை அதிகம் பேசாத மனிதர் அவர். அவரை வழியனுப்ப ஊரில் படித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து, குழாய் பதிப்பதற்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பத்தடிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தவேண்டியிருந்தது. நிறுத்திய ஒவ்வொரு தடவையும் வண்டி வாய்விட்டுக் கதறியது. தெருவில் வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன. கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று நிதானம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்டார்; ஆனாலும் பார்த்துவிட்டார். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டிருந்தார்கள். சிலருடைய தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறார்கள் என்று புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இடுகாட்டில் வண்டியை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். நூலகரின் மகன் வண்டிக்குப் பக்கத்தில் போய், மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். அடிக்கத்தான் வந்திருக்கிறான், ஆளைக் காணோமே என்று நிற்கிறான் என்று நிதானம் நினைத்தார். கூட்டம் கலைந்த பிறகுதான் மரத்தை விட்டு வெளியே வந்தார்.

மறுநாள் பெட்டிக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். பெட்டிக்கடை என்றதும் மிட்டாய்க் கடை என்று நினைத்து, வெளியூர்க் குழந்தைகள் ஒன்றிரண்டு உள்ளே போய் அழுதுகொண்டே வந்ததுண்டு. அவர் சவப்பெட்டி செய்து விற்பவர். ஊரில் யார் இறந்தாலும் பெட்டியோடு வண்டிக்கும் ஏற்பாடு செய்வது அவர்தான். நிதானத்தின் பிழைப்பு அவர் கையில் இருந்தது.

அவர் ஒரு பலகையை இழைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"நிதானம், ஊர்ல எல்லாரும் உன் வண்டியைப் பத்தித்தான் பேசறாங்க."

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டிக்கடைக்காரர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ அழுதுகொண்டு உள்ளே வர, அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மேஜையின் மேல் ஒரு வெள்ளை வேனின் படம் போட்ட அட்டை கிடந்தது. குளிர்சாதன வசதியோடு, கதவு தானாகவே திறக்கிற வேன். பக்கத்து ஊரில் புதிதாக வந்திருப்பதாக நிதானமும் கேள்விப்பட்டிருந்தார். இனி அதுதான் வரும் என்று நினைத்துக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆனால் அந்த வாரமே பெட்டிக்கடைக்காரர் அவரைத் தேடி வீட்டுக்கே வந்தார். ஒரு முன்பதிவு வந்திருக்கிறது என்றார். இந்தத் தொழிலில் முன்பதிவு என்பது இல்லாத வழக்கம். ஆனால் கேட்டது நில அளவையரின் மகள் என்றதும் நிதானத்துக்குப் புரிந்துவிட்டது.

நில அளவையர் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தது. ஊரில் பாதி மதில்கள் அவர் சங்கிலி போட்டு அளந்த பிறகு இடிக்கப்பட்டுத் தள்ளிக் கட்டப்பட்டவை. அண்ணன் தம்பி என்று பார்க்கமாட்டார். ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்கமாட்டார். தன் சொந்த வீட்டு வாசற்படி தெருவில் அரையடி நீட்டிக்கொண்டிருப்பதாக அளந்து கண்டுபிடித்து, அதையும் உடைத்தவர். அவரை மதிக்காதவர்கள் இல்லை. அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்தவர்களும் இல்லை. இப்போது படுக்கையில் இருந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியூரில் வேலையில் இருந்த மகள் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவைப் போலவே எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டாள். வண்டியைப் பொறுத்தவரை, வேறு எதுவும் வேண்டாம், அந்தப் பழைய கருப்பு வண்டிதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னதால் நிதானம் போனார். அவளுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். நிமிர்ந்த நடை, சுருக்கமான பேச்சு. கதவைத் திறந்தவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நூலகர் சாவுக்கு நானும் வந்திருந்தேன். உங்க வண்டியைப் பாத்தேன். மறக்க முடியல."

நிதானத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து, யார் வந்திருப்பது என்று ஒரு குரல் கேட்டது. வண்டிக்காரர் என்று மகள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். உள்ளே வரச்சொல் என்றது குரல்.

நில அளவையர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். உடம்பில் ஒன்றும் இல்லை. கண் மட்டும் மதிலைப் பார்க்கிற அதே கண். எந்த வழியாகக் கொண்டுபோவாய் என்று கேட்டார். ஏறப்போகிறவரே வழி கேட்பது நிதானத்துக்கு இதுதான் முதல் தடவை. சந்தைத் தெரு வழியாக என்றார். கூடாது என்று தலையை ஆட்டினார் பெரியவர். சந்தைத் தெருவில் எண்ணெய்க் கடைக்காரன் ரோட்டுக்குள் வந்து சுவர் வைத்திருக்கிறான், வண்டி ஒழுங்காகத் திரும்பாது, பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் போ என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"வண்டி ஒழுங்கா நிக்குமா?"

"நிக்குங்கய்யா. துளி சத்தம் இல்லாம கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்."

பெரியவர் கண்ணாலேயே அவரை அளந்தார். "பாக்கலாம்," என்றார்.

வெளியே வந்தபோது நிதானத்துக்கு மனசு என்னவோ செய்தது. எத்தனையோ பேரைச் சுமந்திருக்கிறார். ஒருவர்கூட முன்னால் அவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. ஒருவருக்கும் அவர் வாக்குக் கொடுத்ததில்லை. இனி மச்சினனுக்கு இதில் வேலை இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

மறுநாளே டிரம்களைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். உட்சுவர் முழுக்க வரிவரியாகக் கோடு விழுந்து, ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தது. ஏற்கெனவே எத்தனையோ தடவை கடைந்தாயிற்று, இதற்கு மேல் சீவினால் டிரம் தாங்காது, வெடித்துவிடும் என்றார். டிரம், ஷூ, ஸ்பிரிங், பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய் என்று முன்பக்கம் மொத்தத்தையும் புதிதாக மாற்றினால்தான் உண்டு. ஆனால் இந்த வண்டிக்கு இப்போது யார் டிரம் செய்கிறார்கள் என்றும் அவரே கேட்டார்.

விசாரித்து விசாரித்து, தொலைவில் ஒரு ஊரில், பழைய கார்களைப் பிள்ளைகள் மாதிரி வளர்க்கும் ஒரு பல் டாக்டரிடம் இதே வண்டிக்கான புது டிரம்கள், எண்ணெய்த் தாள் பிரிக்காமல் இருப்பது தெரிந்தது. எதற்கு என்று அவர் கேட்டார். நிதானம் சொன்னார். உடனே பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார் பல் டாக்டர்.

பார்சல் வரும்வரை வண்டி முன்சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நின்றது. அதுவரைக்கும் நில அளவையர் உயிரோடு இருக்கவேண்டும். நிதானம் காலையில் எழுந்ததும் அந்த வீட்டுப் பக்கம் போய், வேலைக்கார அம்மாவிடம், ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்பார். நல்லாயிருக்கிறார் என்றால் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுத் திரும்புவார். சவவண்டிக்காரன் தினமும் வந்து விசாரிக்கிறான் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. எதிர்வீட்டில் லேசான காய்ச்சலில் இருந்தவர், இவர் தலையைக் கண்டதும் எழுந்து நின்று உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தார். ஒருநாள் பெரியவர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார் என்று வேலைக்கார அம்மா சொன்னபோது, நிதானம் கண்ணை மூடிக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு மனிதர் பிழைத்திருக்கவேண்டும் என்று இவ்வளவு மனசார அவர் அதுவரை வேண்டிக்கொண்டதில்லை.

பார்சல் வந்தது. அவரே உட்கார்ந்தார். பழைய ஷூக்களைத் தாங்கும் இரும்புத் தகட்டைத் துருப் போகத் தேய்த்தார். புது ஷூக்களின் லைனிங்கில் முனைகளை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டார். முனை கூராக இருந்தால்தான் கத்தும் என்று பல் டாக்டர் போனில் சொல்லியிருந்தார். ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது அது கைநழுவித் தெறித்து மனைவியின் தையல் மிஷினுக்கு அடியில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தவளை அவர் விடவில்லை. பிரேக் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஒரு ஆள் பெடலை மிதிக்கவேண்டும். இன்னொரு ஆள் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, மூடியைத் திருகித் திறந்து மூடவேண்டும்.

இத்தனை காலமும் அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை ஏறினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி," என்றார் கீழேயிருந்து.

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே புடிச்சுக்கோ. நான் சொல்றவரைக்கும் விடாத."

"எல்லாத்தையும் அப்படித்தானே புடிச்சுட்டு இருக்கேன்," என்றாள் அவள்.

குழாய் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அவர் மூடினார். அவள் காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள். இப்படியே மத்தியானம் முழுக்கப் போயிற்று. நடுநடுவே அவள், மகளுக்குக் கடிதம் போட்டு நாளாகிறது, கூரையில் ஒழுகுகிறது, தம்பியைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். படுத்தபடியே அவர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். எழுந்து ஓடிவிட முடியாத நிலையில் புருஷன் கிடைப்பது அவளுக்கு அபூர்வம். கடைசியில் குமிழி நின்று, ஆயில் மட்டும் வந்தது. பெடல் கல்மாதிரி நின்றது.

வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தார். மிதித்தார். நின்றது. சரிவில் மிதித்தார். சூடேறும்வரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். ஒன்றும் இல்லை. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. இஞ்சினையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியது. அன்றைக்கே மச்சினனைக் கூப்பிட்டு ஒரு கப் தேநீர் கொடுத்து, பேட்டரி எப்படிப் போகிறது என்று விசாரித்தார்.

அடுத்த நாள் விடிந்து வெகு நேரம் ஆகவில்லை. வேலைக்கார அம்மா வந்து வாசலில் நின்றாள். அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நிதானம் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, வண்டி தயாராகும்வரை பெரியவர் காத்திருந்தார் என்று நினைத்தார். தனக்காகத்தான் காத்திருந்தார் என்றே அவருக்குப் பட்டது.

கூட்டத்துக்குக் குறைவில்லை. மதில் இடிந்தவர்கள், மதில் கிடைத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுமா என்று இரண்டு பேர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்கள். மகள் வண்டிக்குப் பின்னால் தனியாக, நிமிர்ந்து, முன்னால் பார்த்தபடி நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

நிதானம் வண்டியை எடுத்தார். பெரியவர் சொன்ன வழியிலேயே போனார். பள்ளிக்கூட முனையில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பழைய பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். இறகு தரையில் விழுவதுபோல் வண்டி நின்றது. பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கிளம்பினார். பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். ரயில்வே கேட்டில் நிறுத்தினார். நிறுத்தியது தெரியாமல் பின்னால் வந்த ஒருவர் வண்டியின் மேலேயே மோதிக்கொண்டார். யாரும் நிதானத்தைப் பார்க்கவில்லை. யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. வழி நெடுக ஒரு விசும்பல் இல்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஊர்வலத்தை அவர் ஓட்டியதில்லை.

சரிவில் இறங்கும்போது, ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தார். மகள் வண்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். சரியாகச் சொன்னால், முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளும் கவனித்துவிட்டாள் என்று நிதானத்துக்கு உள்ளுக்குள் நிறைந்தது. இடுகாட்டு வாசலில், அளந்து வைத்ததுபோல், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை இல்லாமல் வண்டியை நிறுத்தினார். பெரியவர் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

பெட்டியை இறக்கினார்கள். பெட்டிக்கடைக்காரர் கயிறுகளைச் சரிபார்த்தார். மண் விழும் சத்தம் கேட்டது. அதுவும் சீக்கிரம் முடிந்தது. வந்தவர்கள் மகளிடம் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். இந்தத் தடவை நிதானம் மரத்துக்குப் பின்னால் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொள்கைக்கு விரோதம்தான். ஆனால் ஒரே ஒரு தடவை, யாராவது தன்னைக் கவனித்தால் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது.

எல்லாரும் போன பிறகு மகள் அவரிடம் வந்தாள். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஐயாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவும், முன்பக்கம் பிரேக் மொத்தத்தையும் புதிதாக மாற்றிவிட்டதாகவும், இனி எந்தக் காலத்திலும் சத்தம் வராது என்றும் நிதானம் பணிவோடு சொன்னார்.

அவள் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"எங்கப்பாவுக்காக அழறதுக்கு ஊர்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுதாங்க, அழுற வண்டியா பாத்து முன்னாடியே சொல்லி வெச்சேன்."